தடுத்த கை

அத்தியாயம் 17

ஆவடியில் ரயில் ஏறியதிலிருந்து கஜபதி வாயைத் திறக்கவில்லை. அம்பத்தூரில் இறங்கி, கள்ளிக்குப்பம் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் பேசினான். வேறு ஆட்கள் இன்னும் ஏறவில்லை. டிரைவர் கீழே நின்று சவாரிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"யார் கேட்டாலும் பைக்லேர்ந்து உழுந்தேன். அவ்ளோதான்."

வனஜா மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சீருடையும் ஊதா பெல்ட்டும் இருந்தன.

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க."

"உன்ன சொல்லச் சொன்னேனா? பேசாம இரு. அது உனக்கு நல்லா வரும் இல்ல?"

வரும். அந்த ஒரு வித்தையில் வனஜாவுக்கு எப்போதோ கறுப்பு பெல்ட்டே கொடுத்திருக்க வேண்டும்.

தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்கு இந்தக் கணவன் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கஜபதியின் வலது கையில் மாவுக்கட்டு. ஆவடி குவார்ட்டர்ஸிலும் அவன் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் எல்லோருக்கும் தெரிந்த கதை, நெமிலிச்சேரி பக்கம் வண்டி வழுக்கி விழுந்தான் என்பதுதான். நடந்தது வேறு. சமையலறையில் நடந்தது.

தங்கை சரசா அவனுக்குப் போன் செய்து, "இந்த வயசுல உன் பொண்டாட்டிக்கு இன்னாத்துக்கு கராத்தே?" என்று கேட்டாள். அவன் போனை வைத்துவிட்டு வந்து, "நாளைலேர்ந்து போவாத" என்றான். "ப்ரவுன் பெல்ட் வாங்கிட்டு நிறுத்திடறேங்க" என்றாள் வனஜா. எதிர்த்துப் பேசினால் கஜபதிக்குக் கை நீண்டுவிடும். கல்யாணமான நாளிலிருந்து நீண்டுகொண்டிருக்கிற கைதான். அன்று மட்டும் அது அவள் கன்னம் வரை போகவில்லை. அவளுடைய இடது கை தானாக எழுந்து நடுவில் நின்றது. ஓங்கிய வேகத்தில் மோதியதில் அவன் மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை; தேர்வுக்கு வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றதும், வேறு யாரும் போய் எதையாவது உளறிவிடக் கூடாது என்று தானே கிளம்பிவிட்டான்.

வனஜா கராத்தேக்கு வந்ததே ஒரு தற்செயல். மகள் தீபிகா ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவளை வகுப்பில் சேர்த்தாள். பெண் யாரிடமும் அடி வாங்கக் கூடாது என்று ஒரு எண்ணம். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பச்சை பெல்ட் வாங்கியதும் பரீட்சை வந்து தீபிகா நின்றுவிட்டாள். சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா நிற்கவில்லை. சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நடக்கறதுக்குப் பதிலா பசங்களோட ரெண்டு ரவுண்டு ஓடுங்கக்கா" என்றான் மாஸ்டர் முகமது ஆசிக். ஓட்டம் மஞ்சள் பெல்ட் ஆயிற்று. பிறகு ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா. பொடிப்பசங்களோடு வரிசையில் நின்று, "ஆன்ட்டி, காலை இன்னும் தூக்குங்க" என்று அவர்களிடம் அதட்டல் வாங்கினாள். குவார்ட்டர்ஸே சிரித்தது. கஜபதியும் சிரித்தான். வேலை செய்யும் இடத்தில் அதை நடித்துக் காட்டி மற்றவர்களையும் சிரிக்க வைத்தான். சிரிப்பாக இருந்தவரை அவனுக்கு அதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை.

தடுப்பதற்குக் கராத்தேயில் உக்கே என்று பெயர். ஒரு நாள் ஆசிக் அதற்கு விளக்கம் சொன்னான். "நாமதான் தடுக்கறதுன்னு சொல்றோம். ஜப்பான்ல அந்த வார்த்தைக்கு வாங்கிக்கறதுன்னு அர்த்தம்."

"அடி வாங்கறதா மாஸ்டர்? அது எனக்கு முன்னாடியே தெரியுமே" என்றாள் வனஜா.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிக்கும் சிரித்தான். சொன்னவள் ஏன் சிரிக்கவில்லை என்று யாரும் யோசிக்கவில்லை.

வகுப்பு முடியும்போது எல்லோரும் நெஞ்சில் கை வைத்து ஒரு உறுதிமொழி சொல்வார்கள். கற்ற வித்தையை வெளியில் யார் மேலும் காட்ட மாட்டேன் என்பது அதில் ஒரு வரி. வனஜா அதைக் கணீரென்று சொல்வாள். சமையலறையில் நடந்ததற்குப் பிறகு அந்த வரி வரும்போது அவளுக்குக் குரல் எழும்பவில்லை. காட்டிவிட்டாளா, இல்லையா? வேப்பம்பட்டில் இருக்கும் அக்காவிடம் சொல்லிப் பார்த்தாள். "புருஷன் கையையா ஒடச்ச?" என்பதுதான் அக்கா கேட்ட முதல் கேள்வி. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

ஆகவே இன்றைய ப்ரவுன் பெல்ட் தேர்வு அவளுக்குப் பெல்ட் சமாசாரம் மட்டும் இல்லை. நீ செய்தது தப்பில்லை என்று விஷயம் தெரிந்த ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மறைத்து வாங்கினால் அந்தப் பெல்ட்டுக்கு அப்படிச் சொல்ல வாய் இருக்காது. அதைத் தெரிந்துகொண்டேதான் பக்கத்தில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவனுடன் கள்ளிக்குப்பம் போய்க்கொண்டிருந்தாள்.

ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபம் கராத்தேக்குக் கிடைத்திருந்தது. மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவில் தேர்வாளர் நாகேந்திரன் பெண் கிடைக்காத மாப்பிள்ளை மாதிரி தனியாக உட்கார்ந்திருந்தார். கீழே நாற்காலிகளில் அம்மா அப்பாக்கள். குவார்ட்டர்ஸிலிருந்தும் நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தன. அவர்கள் கஜபதியைப் பார்த்ததும் கையை விசாரித்தார்கள். அவனும் வண்டி வழுக்கிய கதையைப் புதிதாக ஒரு நாய் குறுக்கே வந்ததையும் சேர்த்துச் சொன்னான்.

தீபிகா முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. கம்பெனியில் வேலை. ஷிப்டு ஒத்துவரவில்லை என்று பக்கத்திலேயே ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"இன்னும் வலிக்குதாப்பா?"

"பரவால்லம்மா. வண்டிக்குத்தான் செலவு வெச்சிருச்சி."

மணமகள் அறையில் வனஜா உடை மாற்றும்போது தீபிகா சீருடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு கன்றிப்போன தடம். நீலம் போய் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தீபிகா அதைக் கட்டைவிரலால் தொட்டாள்.

"இது எப்பம்மா ஆச்சு?"

வனஜா சீருடைக்குக் கை நீட்டினாள். தீபிகா அந்தத் தடத்தையே பார்த்தாள். பிறகு கதவு இடுக்கு வழியாக, மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். சீருடையை மாட்டிவிட்டு அதன் கயிற்றைக் கட்டிவிட்டாள்.

தேர்வு நன்றாகவே போயிற்று. எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்ட வேண்டிய கட்டாவை வனஜா ஒரு இடத்திலும் மறக்கவில்லை. திரும்பும்போது முழங்கால் சொடுக்கியது வெளியே கேட்டிருக்கும். நாகேந்திரன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜோடி சேர்த்துச் சண்டையிட்டபோது, தன் வயதில் பாதிகூட இல்லாத பவ்யாவின் மூக்குக்கு முன்னால் அவள் முஷ்டி நூல் இடைவெளியில் நின்றது. அப்போது மட்டும் அவர் லேசாகத் தலையசைத்தார்.

எல்லாம் முடிந்து ஒன்று பாக்கி இருந்தது.

இந்தக் கராத்தேப் பள்ளியில் ப்ரவுன் பெல்ட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் வீட்டிலிருந்து ஒருவர் மேடை ஏற வேண்டும். வீட்டில் பிள்ளை எப்படி, யார் மேலாவது கை வைக்கிறானா என்று தேர்வாளர் கேட்பார். அவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். பெற்றவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடமாட்டார்கள்.

"சாப்ட்ட தட்டைக் கழுவ மாட்டேங்கறான் சார்" என்றாள் விஷ்ணுவின் அம்மா தேவிப்பிரியா.

"அடிக்கிறானா?"

"அதெல்லாம் இல்ல சார். தட்டுதான்."

ரேஷ்மாவின் அப்பா தயங்கினார். "தம்பிய கிள்ளுவா சார். அடிக்க மாட்டா."

"கிள்ளறதும் கைதானேம்மா" என்றார் நாகேந்திரன். ரேஷ்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நாகேந்திரன் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ப்ரவுன் வந்துட்டா நீங்க பாதி மாஸ்டர். உங்க முன்னாடி வெள்ளை பெல்ட் பசங்க நிப்பாங்க. உங்களை நம்பி முகத்தைக் காட்டிட்டு நிப்பாங்க. அடிக்கத் தெரிஞ்ச ஆளுங்க தெருவுக்குத் தெரு இருக்காங்க. நிறுத்தத் தெரியுதான்னுதான் நான் பாக்கறேன்."

அடுத்து வனஜாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. வீட்டிலிருந்து யார் என்று ஆசிக் கேட்டதும் கஜபதி எழுந்தான். யாரோ கை தட்டினார்கள். கஜபதி மேடை ஏறி, இடது கையில் மைக்கை வாங்கிக்கொண்டான்.

நாகேந்திரன் காலையிலிருந்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"சொல்லுங்க. வீட்ல யார் மேலயாவது கை வைக்கிறாங்களா?"

கேட்ட பிறகுதான், எதிரே நிற்பது பிள்ளையின் அப்பா இல்லை, புருஷன் என்பது அவருக்கு உறைத்தது. அதற்குள் மண்டபம் கொல்லென்று சிரித்துவிட்டது.

இங்கேதான் கஜபதி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் சிரிக்க வைக்காமல் அவனால் இருக்க முடியாது. உள்ளதையே விளையாட்டாகச் சொல்லிவிட்டால் இனி யாருக்கும் சந்தேகம் வராது என்ற நினைப்பும் இருந்திருக்கலாம். மாவுக்கட்டைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"வைக்காம இன்னா சார்? இத்தப் பாருங்க. கைய ஒடச்சி உட்டுட்டா."

பிள்ளைகள் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நாகேந்திரனும் சிரித்துவிட்டு வனஜாவின் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் எப்பவும் இப்படித்தானா? விளையாடறாரு இல்ல?"

தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். கீழே குவார்ட்டர்ஸ் பெண்கள் சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு அவர்கள் நடுவில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், துணி உலர்த்த வேண்டும்.

"இல்ல சார்" என்றாள். "நெஜந்தான். என் கைல பட்டுத்தான் ஒடஞ்சது."

முன்வரிசையில் சிரிப்பு நின்றது. பின்வரிசைக்கு அது போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஏ, இன்னா பேசற?" என்றான் கஜபதி. கையில் மைக் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

நாகேந்திரன் சோபாவிலிருந்து எழுந்தார். "என்னம்மா பண்ணீங்க?"

"தடுத்தேன் சார்."

"எதை?"

"அவர் கைய."

நாகேந்திரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரலில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை.

"தடுத்தீங்களா அடிச்சீங்களான்னு எனக்குத் தெரியணும். இது தெரியாம நான் பெல்ட் கொடுக்க முடியாது. வாயால சொல்ல வேணாம். செஞ்சு காட்டுங்க. ஆசிக், போய் எதிர்ல நில்லு."

ஆசிக் வந்து நின்றான். முஷ்டியை மடக்கி, வகுப்பில் செய்வது போல நேராக ஒரு குத்து விட்டான். வனஜாவின் கை அசையவில்லை.

"இப்டி வராது மாஸ்டர்."

"பின்ன எப்டிக்கா?"

"குத்து இல்ல. உள்ளங்கை. கன்னத்துக்கு வரும்."

ஆசிக் முஷ்டியைப் பிரித்து, ஓரடி பின்னால் போய்க் கையை ஓங்கினான்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வராது. கிட்ட நின்னுகினு. நான் செவுத்துல சாஞ்சிருப்பேன். பின்னால போக எடம் இருக்காது."

பாடம் சொல்லும் குரலில்தான் சொன்னாள். அதனால்தானோ என்னவோ கேட்டவர்களால் தாங்க முடியவில்லை. தேவிப்பிரியா விஷ்ணுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆசிக் கிட்டே வந்தான். ஓங்கிய கை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கையைக் கீழே போட்டான்.

"என்னால முடியலக்கா."

"நான் காட்டறேன் சார்."

தீபிகா மேடைப் படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"இவங்க பொண்ணு."

அவள் வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். வேண்டாம் என்று வனஜா கண்ணால் சொன்னாள். தீபிகா அதைப் பார்க்கவில்லை. உடனே கையை ஓங்கவும் இல்லை. முதலில் இடது கையால் தன் வலது மோதிர விரலைப் பிடித்தாள். விரலில் இல்லாத ஒரு மோதிரத்தை இப்படியும் அப்படியும் திருகினாள். கழற்றினாள். நெஞ்சுப் பக்கம் இல்லாத ஒரு சட்டைப் பையில் போட்டாள். விழுந்துவிடாமல் இருக்கிறதா என்று பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கை வந்தது.

வனஜாவின் இடது கை எழுந்தது. மகளின் மணிக்கட்டு அதில் மோதி நின்றது. வலது முஷ்டி இடுப்பில் இறுகி, அங்கேயே இருந்தது.

கஜபதியின் பவழ மோதிரத்தைக் குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். மாவுக்கட்டுப் போட்டதிலிருந்து அதை இடது கையில் மாட்டியிருந்தான். அந்தக் கையில்தான் இப்போது மைக் இருந்தது. அவன் மைக்கைத் தரையில் வைத்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். முகத்தில் ஈயாடவில்லை.

"தடுத்த பிறகு அடுத்து என்ன வரணும்?" என்றார் நாகேந்திரன்.

"குத்து சார்."

"குத்தினீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"கை ரெடியாத்தான் இருந்துச்சு சார்." வனஜா தன் வலது முஷ்டியைப் பார்த்தாள். "அவரு கையப் புடிச்சிகினு கீழ உக்காந்துட்டாரு. நான் நெனச்சிருந்தா அடிச்சிருக்கலாம். அந்தக் கையப் போக உடல."

வனஜாவுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. இத்தனை நாளாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நான் செஞ்சது தப்பா சார்?"

"இல்லம்மா" என்றார் அவர். "தப்பு என்னுது. கேள்விய ஆள் மாத்திக் கேட்டுட்டேன்."

அவரே ப்ரவுன் பெல்ட்டை எடுத்துவந்து இரண்டு கைகளாலும் நீட்டினார். வனஜா குனிந்து வாங்கிக்கொண்டாள். ஊதாவை அவிழ்த்து இதைக் கட்டும்போது விரல்கள் முடிச்சுக்குள் போகவில்லை. தீபிகா உதவ வந்தாள். வனஜா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே கட்டி முடித்தாள். கைதட்டல் எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியாது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. எங்காவது உட்கார்ந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

கீழே பார்த்தபோது கஜபதியின் நாற்காலி காலியாக இருந்தது.

மணமகள் அறைக்குள் போனதும் தீபிகா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். இருவரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"உனக்கெப்டி தெரியும்?" என்றாள் வனஜா. "நீ ஹால்ல டிவி பாத்துகினு இருப்பியே."

"அப்பா மோதிரத்தைத் தொட்டாலே எனக்குத் தெரிஞ்சிடும்மா. உடனே டிவி சவுண்டைக் கூட்டிடுவேன்."

காது செவிடாகிவிடப் போகிறது என்று அந்த டிவிக்காக எத்தனை முறை இவளைத் திட்டியிருக்கிறாள். சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டால் பிள்ளைக்குத் தெரியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதெல்லாம் வீண். பிள்ளை தனக்குத் தெரிந்த வழியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. அப்போதுதான் வனஜா அழுதாள். அடி வாங்கிய நாட்களில்கூட இப்படி அழுததில்லை.

"என்கூட வந்துடும்மா" என்றாள் தீபிகா.

"ஹாஸ்டல்ல எப்டி உடுவாங்க?"

"கேட்டுப் பாக்கலாம். இல்லன்னா வேற இடம் பாக்கலாம்."

"ஊட்ல மாவு அரைச்சி வெச்சிட்டு வந்திருக்கேன். மாத்திரையும் அங்கதான் கீது."

"அம்மா."

"யோசிக்கறேன், இரு. முகத்தக் கழுவிகினு வரேன்."

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் கஜபதியைத் தேடி வெளியே வந்தபோது மண்டபத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் பெண் ஒருத்தி அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். பிள்ளைகள் அவள் இடுப்பைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள்.

கஜபதி கேட்டுக்கு வெளியே, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் நின்றிருந்தான். மடித்த கையும் தொங்கிய முகமுமாக, பார்க்கப் பத்து வயது கூடினவன் மாதிரி இருந்தான். அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அத்தினி பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டீங்க ரெண்டு பேரும்."

வனஜா பெல்ட்டின் முடிச்சை இறுக்கினாள்.

"நான் கெட்டவனா வனஜா? சொல்லு. கோவம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெர்ல. கை தானா நீண்டுடுது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். எத்தனையோ முறை கேட்டதுதான். ஒவ்வொரு முறையும் அவள் அதை நம்பியிருக்கிறாள். கோபம் ஒரு வியாதி, அது வரும்போது இவர் இவராக இருப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போதும் கூனிக் குறுகி நிற்கிறவனைப் பார்க்க மனசு இளகத்தான் செய்தது. சேர்ந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றே தோன்றியது.

அவள் முகம் மாறுவதைக் கஜபதி கவனித்தான். இன்னும் ஒரு படி இறங்கி வந்தான்.

"அந்தப் பொண்ணு மோதிரத்தக் காட்னா பாரு, அதான் எனக்குத் தாங்கல. அத்த நான் ஏன் கழட்றேன்? உனக்கோசரந்தான். கல்யாணமான புதுசுல ஒரு தபா கல்லு பட்டு உன் ஒதடு கிழிஞ்சி போச்சே, ஞாபகம் கீதா? நான் எவ்ளோ துடிச்சிப் போயிட்டேன். அன்னிலேர்ந்து கழட்டி வெச்சிட்டுத்தான்..."

அவன் அதை ஒரு நல்ல காரியமாகத்தான் சொன்னான். அவள் புரிந்துகொள்வாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வனஜா அவன் இடது கையைப் பார்த்தாள். பவழம் சதையில் அழுந்திக் கிடந்தது. லேசில் கழலாது.

"கண்ணு மண்ணு தெரியாத கோவம்னீங்களே."

"ஆமா."

"அத்தத் திருகிக் கழட்டறதுக்கு மட்டும் கண்ணு தெரிஞ்சிதா?"

கஜபதி மோதிரக் கையை மறுபடியும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

வனஜாவுக்குக் கோபம் வரவில்லை. இவனுக்காக இத்தனை வருஷம் பரிதாபப்பட்டதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் இவனுக்கு நிறுத்த நேரம் இருந்திருக்கிறது. நிறுத்தத் தெரிந்தும் இருந்திருக்கிறது.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. "ஸ்டேஷன், ஸ்டேஷன்" என்ற டிரைவர், கேட்டுக்குப் பக்கத்தில் ஜோடியாக நின்றவர்களைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினான்.

"ரெண்டு பேராக்கா?"

"ஒருத்தரு" என்று கஜபதியைக் காட்டினாள் வனஜா.